துள்ளலுக்கு விட்ட இடம்

மார்ச் மாதம். ஐடஹோவில் இன்னும் பனி.
கராஜ் கதவைத் தூக்கிவிட்டு
லாரீன் தரையில் சாக்பீஸால் கோடு போடுகிறாள்:
பத்தடி நீளம், ஐந்தடி அகலம்.
கோட்டுக்குள் படுத்துப் பார்க்கிறாள்.
காலை நீட்டலாம். கையை விரிக்க முடியாது.
"போதும்" என்று எழுந்து
முதுகுத் தூசியைத் தட்டாமலே
இரும்பு வாங்கப் போகிறாள்.

இரண்டுக்கு இரண்டு சதுரக் குழாய்.
சர்க்கரை ஆலையில் இரவு ஷிப்டு வெல்டர் அவள்;
பற்றவைப்பதில் யாரும் வாய் திறக்க முடியாது.
மூலைக்கு மூலை டேப்பைப் பிடிக்க மட்டும்
எதிர்வீட்டுக்காரன் என்னைக் கூப்பிட்டாள்.
குறுக்களவு இரண்டும் ஒன்றாகும் வரை
சுத்தியலால் ஒரு தட்டு, டேப்,
இன்னொரு தட்டு, மறுபடி டேப்.
அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உதைத்தது.
"விட்டுவிடலாமே" என்றேன்.
"விட்டால் அது கோணிக்கொண்டே
என் பின்னால் நெவாடா வரைக்கும் வரும்."

அச்சு நடுவிலிருந்து சற்றுப் பின்னே.
முன்பாரம் கொஞ்சம் இருக்க வேண்டும்.
பின்பாரம் ஏறினால் வால் ஆடும்;
வால் ஆடினால் தலையும் ஆடும்.
அதெல்லாம் கணக்கு, ஒரு மாலையில் முடிந்தது.

வம்பு சக்கரக் கூட்டில்தான்.
சக்கரத்தை வெளியே விட்டால் கராஜ் கதவு இடிக்கும்.
உள்ளே வாங்கினால்
படுக்கையின் இருபுறமும் ஒவ்வொரு பெட்டி,
சரியாக முழங்கை வந்து விழும் இடத்தில்.
பீட்சா அட்டையில் கூடுகள் வெட்டினாள்.
வளைவாக ஒன்று. சரிவாக ஒன்று.
சவப்பெட்டி மாதிரி வந்ததை
அவளே மிதித்து நசுக்கினாள்.

டயருக்கு மேலே எவ்வளவு இடம் விடுவது?
நின்றிருக்கும் சக்கரத்துக்கு ஒரு விரல் போதும்.
ஓடும் சக்கரம் துள்ளும்.
எவ்வளவு துள்ளும் என்று ஸ்பிரிங்குக்குத்தான் தெரியும்,
ஸ்பிரிங்கோ பாரம் ஏற்றாமல் பேசாது.

ஆகவே ஞாயிறு, சர்ச் முடிந்த கையோடு
தெருவையே கூப்பிட்டுச் சட்டத்தின் மேல் ஏற்றினாள்.
நூல்கண்டோடு ஆர்டித்.
ஆட்டுப்பண்ணை அரேகி சகோதரர்கள்.
தபால்காரர் டுவேன், மடியில் அவர் நாய்.
மீதிக்கு உருளைக்கிழங்கு மூட்டை.
ஆளாளுக்கு எடையைச் சொல்லச் சொன்னாள்.
சொன்னோம்.
கூட்டினாள். தொள்ளாயிரத்து நாற்பது பவுண்டு.
குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்தாள்.
நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள்.
டுவேன் மேகத்தைப் பார்த்தார்.
ஆர்டித்துக்குத் தையல் எண்ண வேண்டியிருந்தது.
மூட்டையில் அச்சடித்திருந்த எடை ஒன்றுதான்
அங்கே உண்மை.

"சரி, குதியுங்கள்."

டயருக்கும் மேல்பலகைக்கும் நடுவே
நாலு அங்குலக் களிமண் கூம்பு வைத்திருந்தாள்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
நாங்கள் ஆறு பேர், ஒரு நாய்
(இரும்பு முனகியது, தையல் கழன்றது)
குதித்து முடித்தபோது
கூம்பு பணியாரமாகியிருந்தது.
கனம் முக்கால் அங்குலம்.
அதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.
பிறகு பென்சிலைச் சீவி
அட்டைக் கூட்டின் உயரத்தில்
இன்னும் ஓர் அங்குலம் கூட்டினாள்.
"ரோடு உங்களைவிடப் பெரிய பொய்யன்."

ஆகஸ்டில் போனாள், செப்டம்பரில் திரும்பினாள்.
நான்தான் டார்ச்சோடு அடியில் படுத்தேன்.
கூட்டுக்குள் வெள்ளை மண், உப்பு மண், சிவப்பு மண்,
வரட்டி வரட்டியாய் அப்பியிருந்தது.
உச்சியில் டயர் உரசிய கருப்பு
தேடியும் இல்லை.
"தொடவே இல்லை லாரீன்" என்று கத்தினேன்.

பதில் வரவில்லை.
வெளியே தவழ்ந்து வந்தேன்.
சட்டைக் கையை மடித்துக் காட்டினாள்:
இடது முழங்கையில்
கத்தரிக்காய் நிறத்தில் ஒரு வட்டம்.

"அட்டையில் இடித்தபோது
இது வலிக்கவில்லை" என்றாள்.